260 டிகிரி என்ற எண்ணை நம்பி ராடு வாங்காதீர்கள்

பீக் 260 டிகிரி தாங்கும், டெஃப்லானும் 260 தாங்கும், அல்டெம் 170 வரைதான், நைலானுக்கு நூறே அதிகம். சூடான இடத்தில் உட்காரப்போகும் ஒரு புஷ்ஷையோ வால்வு சீட்டையோ எந்தப் பிளாஸ்டிக்கில் கடைவது என்று கேட்டால் ராடு விற்கும் கடையிலும் லேத் பட்டறையிலும் டிசைன் செய்பவரின் மேசையிலும் கிடைக்கும் பதில் பெரும்பாலும் இதுதான். விற்பனைக் கையேடுகளில் வரும் முக்கோணப் படமும் இதையே சொல்கிறது. அடியில் பாலிஎத்திலீனும் பிவிசியும், நடுவில் நைலானும் டெல்ரினும், உச்சியில் பீக், டோர்லான், வெஸ்பெல். மேலே போகப் போக வெப்பம் தாங்கும், விலையும் ஏறும். ஆகவே வேலை எவ்வளவு சூட்டில் நடக்கிறது என்று பார், அதைவிட முப்பது நாற்பது டிகிரி கூடுதலாக எழுதியிருக்கும் பொருளை எடு, கையில் காசிருந்தால் இன்னும் ஒரு படி மேலே போ என்பது நடைமுறை விதியாகிவிட்டது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதன் அஸ்திவாரமே பிழை என்பது என் வாதம். ‘வெப்பம் தாங்குதல்’ என்று ஒரு தனிக் குணம் எந்தப் பிளாஸ்டிக்குக்கும் கிடையாது. எவ்வளவு சுமையோடு, எத்தனை மணி நேரம், எதில் நனைந்துகொண்டு, எவ்வளவு நுணுக்கமான அளவைக் காப்பாற்றிக்கொண்டு என்று கேட்ட பிறகுதான் ‘தாங்கும்’ என்ற சொல்லுக்கு அர்த்தம் வருகிறது. இதையெல்லாம் விட்டுவிட்டு ஒரே எண்ணை வைத்து வரிசை போடுவதால் விலையுயர்ந்த பொருளை வாங்கியும் பாகம் உடைகிறது. பழி பொருளின் மேலோ கடைந்தவரின் மேலோ விழுகிறது.

முதலில் அந்த 260 எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். விடை டேட்டா ஷீட்டின் அடியில், பொடி எழுத்துக் குறிப்பில் இருக்கிறது. மாதிரித் துண்டுகளை வெவ்வேறு வெப்பநிலைகளில் ஓவனுக்குள் மாதக்கணக்கில் வைக்கிறார்கள். அவ்வப்போது சிலவற்றை வெளியே எடுத்து, ஆறவிட்டு, அறை வெப்பநிலையில், அதாவது 23 டிகிரியில், இழுத்து உடைக்கிறார்கள். இழுவலிமை ஆரம்பத்தில் இருந்ததில் பாதியாகக் குறைய எத்தனை மணி நேரம் ஆகிறது என்று ஒவ்வொரு வெப்பநிலைக்கும் குறித்து, அந்தக் கோட்டை நீட்டி, 20,000 மணி நேரம் ஓடக்கூடிய வெப்பநிலை இது என்று அறிவிக்கிறார்கள். ஐஇசி 60216 என்ற சர்வதேசத் தரம் இந்த வழியில்தான் போகிறது. அமெரிக்காவின் யுஎல் 746பி-யும் ஏறக்குறைய இதே தடத்தில்தான் செல்கிறது. இரண்டுமே மின்காப்புப் பொருள்களுக்காக எழுந்த சோதனைகள். மோட்டார் சுருளைச் சுற்றியிருக்கும் காப்பு வருடக்கணக்கில் சூட்டில் கிடந்தும் பொடிந்துபோகாமல் இருக்குமா என்பதே அங்கே கேள்வி. அந்தக் கேள்விக்கு இது நேர்மையான விடை. ஆனால் ஓவனுக்குள் இருக்கும்போது அந்தத் துண்டின் மேல் சுமை எதுவும் இல்லை. சூடாக இருக்கும் நிலையில் அதை யாரும் இழுத்தும் பார்க்கவில்லை. மூலக்கூறுச் சங்கிலி காற்றில் ஆக்சிஜன் ஏறி அறுந்துபோகாமல் எத்தனை காலம் இருக்கும் என்பதை அளந்த எண்ணை எடுத்து, அந்தச் சூட்டில் புஷ் எவ்வளவு சுமை தாங்கும் என்ற கேள்விக்கு விடையாக எழுதுவதுதான் நடக்கிற தவறு.

சுமையைத் தீர்மானிப்பது வேறொரு புள்ளி. பிளாஸ்டிக்கைச் சூடாக்கிக்கொண்டே போனால், உருகுவதற்கு வெகு முன்பாகவே, ஒரு வெப்பநிலையில் சங்கிலிகள் அசையத் தொடங்கும். விறைப்பு மளமளவென்று சரியும். ஆங்கிலத்தில் கிளாஸ் டிரான்சிஷன் என்கிறார்கள், இங்கே இளகுநிலை என்று வைத்துக்கொள்வோம். பீக் உருகுவது 343 டிகிரியில். ஆனால் அதன் இளகுநிலை வெறும் 143. இந்த இரண்டுக்கும் நடுவில் பீக்கைத் தாங்கிப் பிடிப்பது அதனுள் இருக்கும் படிகப் பகுதிகள் மட்டுமே. மீதி இளகிவிட்டது. இழை சேர்க்காத சாதாரண பீக்கின் வளைவு வலிமையை உற்பத்தியாளர்களே வெளியிட்டிருக்கிறார்கள். 125 டிகிரியில் சுமார் 85 மெகாபாஸ்கல். இன்னும் ஐம்பது டிகிரி ஏற்றி 175-க்குப் போனால் 20-க்கும் கீழே. ஐம்பது டிகிரிக்குள் நாலில் மூன்று பங்குக்கு மேல் போய்விட்டது. இத்தனைக்கும் 175 என்பது ‘தொடர்ந்து தாங்கும்’ என்று அச்சிட்ட எண்ணிலிருந்து எண்பத்தைந்து டிகிரி தள்ளி நிற்கிறது. இப்போது அல்டெம் என்று நாம் அழைக்கும் பாலிஈத்தரிமைடைப் பாருங்கள். இதில் படிகமே இல்லை, உருகுநிலை என்று ஒன்றும் இல்லை. ஆனால் இளகுநிலை 217. பட்டியலில் 170 என்ற எண்ணோடு பீக்குக்கு வெகு கீழே உட்கார்ந்திருக்கும் இந்தப் பொருள், 160 டிகிரிச் சூட்டில், உலர்ந்த காற்றில், வளைக்கும் சுமையின் கீழ், இழை சேர்க்காத பீக்கைவிட விறைப்பாக நிற்கும். விலையும் பல மடங்கு குறைவு. முக்கோணப் படம் இந்த இடத்தில் தலைகீழாகிறது.

டெஃப்லான் இன்னும் தெளிவான சாட்சி. அதற்கும் 260 என்றுதான் எழுதியிருக்கிறது, எழுதியதில் பொய்யில்லை. அந்தச் சூட்டில் அதன் சங்கிலி அறாது, ஏறக்குறைய எந்த ரசாயனமும் அதைத் தொடாது. ஆனால் டெஃப்லான் அறை வெப்பநிலையிலேயே சுமைக்கு மெல்ல மெல்ல இடம் கொடுக்கும். கிரீப் என்று பட்டறையில் சொல்வது இதைத்தான். ஃபிளாஞ்சில் டெஃப்லான் கேஸ்கெட் போட்டு போல்ட்டை இறுக்கியவர்கள், மறுநாள் போல்ட் தளர்ந்து மறுபடி இறுக்க வேண்டி வந்ததை அறிவார்கள். நாலு பக்கமும் உலோகம் சூழ்ந்த குழிக்குள் அடைத்து வைத்தால் அது அருமையான சீல். திறந்தவெளியில் சுமை தாங்கும் பாகமாக வைத்தால் நூறு டிகிரியிலேயே வடிவம் போய்விடும். ஒரே 260, இரண்டு பொருள்களில் இரண்டு வேறு அர்த்தங்கள். அளவெடுப்பவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு சேதி: டெஃப்லானின் படிக அமைப்பு 19 டிகிரி வாக்கில் மாறுகிறது. அதைத் தாண்டும்போது கன அளவு சுமார் 1 சதவீதம் கூடும். அளவெடுக்கும் அறைக்கு உலகம் வைத்திருக்கும் வெப்பநிலையோ 20. ஏசி அறையில் சில டிகிரி இறங்கி ஏறினாலே 100 மில்லிமீட்டர் வளையத்தின் விட்டம் கால் மில்லிமீட்டர் அளவுக்கு மாறிக் காட்டக்கூடும். கடைந்தவர் மேல் பழி போடுவதற்கு முன் இதை நினைக்க வேண்டும்.

சரி, 260-ஐ விடு, சுமையோடு அளந்த எண் ஒன்று இருக்கிறதே, ஹீட் டிஃப்ளெக்ஷன் டெம்பரேச்சர், அதை வைத்து வரிசை போடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. இது முந்தையதைவிடப் பரவாயில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதிலாவது சுமை இருக்கிறது. ஒரு சிறிய பட்டையை இரண்டு முனைகளில் தாங்கி, நடுவில் 1.8 மெகாபாஸ்கல் அழுத்தம் வரும்படி எடை வைத்து, எண்ணெய்த் தொட்டியில் நிமிடத்துக்கு 2 டிகிரி வீதம் சூடாக்குவார்கள். கால் மில்லிமீட்டர் வளைந்ததும் அந்த வெப்பநிலையைக் குறித்துக்கொள்வார்கள். ஏஎஸ்டிஎம் டி648 இதைத்தான் சொல்கிறது. நேரம், சுமை, சுமை ஏறும் விதம் எல்லாம் சோதனையை ஒத்திருந்தால் ஒழிய இந்த எண்ணைக்கொண்டு சூட்டில் நடப்பதை முன்கூட்டிச் சொல்லக்கூடாது என்ற எச்சரிக்கையும் அந்தத் தரத்திலேயே இருக்கிறது. சோதனை முடிவது ஒன்றிரண்டு மணி நேரத்தில், உங்கள் புஷ் ஓட வேண்டியதோ வருடக்கணக்கில். அதைவிடப் பெரிய வில்லங்கம் கண்ணாடி இழை. இழை சேர்க்காத பீக்குக்கு இந்த எண் 150 சுமார். 30 சதவீதம் கண்ணாடி இழை சேர்த்துவிட்டால் 315. நைலான் 66-க்கு நூறுக்குக் கீழே இருந்தது 250-ஐத் தொடுகிறது. பிசின் மாறவில்லை, அதன் இளகுநிலையும் மாறவில்லை. வளைவைத் தாங்குவது இழை. அதுவும் எந்த இழை? அந்த 315-ம் 250-ம் அச்சில் ஊற்றி வார்த்த மெல்லிய பட்டையில் அளந்தவை. அந்தப் பட்டையில் இழைகள் நீளவாக்கில் அழகாகப் படுத்திருக்கும். நாம் கடைவதோ பிதுக்கி எடுத்த தடித்த ராடு. அதில் இழைகளின் படுக்கை வேறு மாதிரி, கடையும்போது அவற்றை வெட்டியும் விடுகிறோம். கடைவதற்கென்றே விற்கும் கண்ணாடி இழை நைலான் ராடுக்கு இந்த எண்ணை 150 என்று போடும் உற்பத்தியாளர்களும் இருக்கிறார்கள். வார்ப்புக்கான ஷீட்டைப் பார்த்து ராடு வாங்கியவருக்கு நூறு டிகிரி நட்டம். அதோடு கண்ணாடி இழை எதிரில் சுழலும் ஷாஃப்ட்டை அரிக்கும். கடினப்படுத்தாத ஸ்டீல் ஷாஃப்ட்டுக்குக் கண்ணாடி இழைப் புஷ் போடுவது பாகத்தைக் காப்பாற்றி மெஷினைக் கெடுக்கிற வேலை.

இனி ஒரு புஷ்ஷைக் கையில் எடுத்துப் பார்ப்போம். வெளி விட்டம் 50 மில்லிமீட்டர், துளை 40, இழை சேர்க்காத பீக், ஸ்டீல் ஹவுசிங்குக்குள் 20 டிகிரியில் சரியாகப் பொருந்தும்படி உட்கார்ந்திருக்கிறது. ஷாஃப்ட்டுக்கு விட்ட இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. மெஷின் ஓடி 150 டிகிரிக்கு வருகிறது. ஒவ்வொரு டிகிரிக்கும் மீட்டருக்கு பீக் சுமார் 50 மைக்ரான் நீளும், ஸ்டீல் 12. கணக்குப் போட்டால் புஷ் தன் விருப்பத்துக்கு விட்டால் 0.32 மில்லிமீட்டர் விரிந்திருக்கும். ஹவுசிங் இடம் கொடுப்பதோ 0.08. மீதி கால் மில்லிமீட்டர் நசுங்கலாக புஷ்ஷுக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கிறது. சூடாக இருக்கும்வரை பெரிய தொந்தரவு தெரியாது. துளை ஏறக்குறைய பழைய அளவிலேயே நிற்கும், ஷாஃப்ட் கொஞ்சம் பெருத்து இடைவெளி இறுகும், அவ்வளவுதான். ஆனால் இது இளகுநிலையைத் தாண்டிய சூடு. அடைபட்ட பீக் மணிக்கணக்கில் மெல்லத் தளர்ந்து, அந்த நெருக்கடியான அளவையே தன் இயல்பான அளவாக ஏற்றுக்கொள்ளத் தொடங்குகிறது. மாலையில் மெஷினை நிறுத்துகிறார்கள், எல்லாம் ஆறுகிறது. பாதி தளர்ந்திருந்தாலே புஷ்ஷின் வெளி விட்டம் ஹவுசிங்கைவிட எட்டில் ஒரு பங்கு மில்லிமீட்டர் சிறுத்திருக்கும், துளையும் அதே அளவு சுருங்கியிருக்கும். விட்டிருந்த இடைவெளி பறிபோனது. காலையில் மெஷினை ஓட்டினால் புஷ் ஷாஃப்ட்டைக் கவ்விக்கொண்டு ஹவுசிங்குக்குள் சுற்றும். பீக் உருகவில்லை, கருகவில்லை, 260-ல் பாதியைக் கொஞ்சம் தாண்டிய சூட்டைத்தான் பார்த்தது. டேட்டா ஷீட் படி எதுவும் தவறில்லை. ஆனால் பாகம் போய்விட்டது. இதே இடத்தில் நீளவாக்கில் ஒரு வெட்டு விட்டு விரிய இடம் கொடுத்த புஷ்ஷோ, விரிவு மீட்டருக்கு 30 மைக்ரானும் இளகுநிலை 275 அளவிலும் உள்ள டோர்லானோ போட்டிருந்தால் பிழைத்திருக்கும். இந்த இரண்டு வழிகளில் ஒன்று பொருளையே மாற்றாதது என்பதைக் கவனியுங்கள். எந்த டிகிரிப் பட்டியலும் உங்களை அங்கே கொண்டுபோய் விடாது.

இதற்கு வரக்கூடிய வலுவான எதிர்வாதம் ஒன்று உண்டு. அதைக் குறைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை. சரி, எண் துல்லியமில்லை என்றே வைத்துக்கொள், ஆனாலும் மேல் படியில் உள்ளதை எடுத்தால் பாதுகாப்பு கூடத்தானே செய்யும், மெஷின் நின்றால் வரும் நட்டத்துக்கு முன்னால் ராடு விலை எம்மாத்திரம் என்பது அந்த வாதம். நட்டத்தைப் பற்றிச் சொல்வது உண்மை. மேல் படி எப்போதும் பாதுகாப்பு என்பது உண்மையில்லை. டோர்லான், உலர்ந்த சூட்டில் சுமை தாங்குவதில் பீக்கை வெல்லும். அதையே கொதிநீராவியில் வையுங்கள், நீராவி அதன் சங்கிலியையே உடைக்கும். ஈரம் குடித்த டோர்லான் பாகத்தைத் திடீரென்று சூடாக்கினால் உள்ளே இருக்கும் நீர் ஆவியாகி மேற்பரப்பு கொப்பளிக்கும். இன்னும் உச்சியில் இருக்கும் பிபிஐ என்ற பிளாஸ்டிக்கின் இளகுநிலை 427 டிகிரி, பட்டியலில் அதற்கு மேலே ஏறக்குறைய எதுவும் இல்லை. ஆனால் நீரில் நன்கு ஊறினால் எடையில் பத்து சதவீதத்துக்கு மேல் நீரைக் குடிக்கும், அளவு என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. மருத்துவமனையில் ஆட்டோகிளேவில் 134 டிகிரி நீராவியில் திரும்பத் திரும்ப வெந்து வரும் கருவிக் கைப்பிடிகளையும் தட்டுகளையும் செய்வது பட்டியலில் நடுவே கிடக்கும் பாலிஃபினைல்சல்ஃபோனில். அந்த வேலைக்கு அது டோர்லானைவிடவும் பிபிஐ-யைவிடவும் சிறந்தது, விலையும் குறைவு. ரசாயனத்துக்கும் இதே கதை. பிபிஎஸ் என்ற பிளாஸ்டிக்கின் இளகுநிலை 90 டிகிரிதான். ஆனாலும் 200 டிகிரிக்குக் கீழே அதைக் கரைக்கும் திரவம் எதுவும் அறியப்படவில்லை. மேலே சொன்ன அல்டெம் இருக்கிறதே, உலர்ந்த இடத்தில் நான் அதை அவ்வளவு உயர்த்திப் பேசினாலும், குளோரின் கலந்த கரைப்பான்களோ வலுவான காரமோ பட்டால் விரிசல் விடும். கடையும்போது ஊற்றுகிற எண்ணெய்க் கூலன்ட்டே சில நேரம் போதும். பாகம் மேசையிலிருந்தபடியே மறுநாள் கீறல் காட்டும். மேல் படியில் ஏறிவிட்டோம் என்ற நம்பிக்கை இந்தக் கேள்விகளைக் கேட்கவிடாமல் செய்வதுதான் அதன் பெரிய ஆபத்து.

கடைவதில் இருக்கும் விஷயங்களையும் அந்த ஒற்றை எண் விழுங்கிவிடுகிறது. பிதுக்கி எடுத்த தடித்த ராடின் நடுவும் ஓரமும் வெவ்வேறு வேகத்தில் ஆறியிருக்கும், அந்த இழுபறி உள்ளேயே உறைந்திருக்கும். ஒரு பக்கம் நிறையக் கடைந்தால் சமநிலை கெட்டு பாகம் கோணும். கோணாமல் தப்பினாலும், முதல் தடவை சூட்டில் ஓடும்போது அந்த இழுபறி அவிழ்ந்து அளவு மாறும். இதைத் தவிர்க்கத்தான் முரட்டுக் கடைசலுக்குப் பிறகு பாகத்தை ஓவனில் வைத்து அனீல் செய்து, மணிக்குப் பத்து டிகிரி வீதம் மெல்ல ஆறவிட்டு, பிறகு இறுதி அளவுக்குக் கொண்டுவரச் சொல்கிறார்கள். ஒரு நாளைக்கு மேல் பிடிக்கும் வேலை என்பதால் பெரும்பாலும் இதை விட்டுவிடுகிறார்கள். டோர்லான் இன்னும் கறாரானது. உராயும் பாகமாகக் கடைந்தால் கடைந்த முகத்தை மறுபடி பல நாள் படிப்படியாகச் சூடாக்கிப் பதப்படுத்தினால்தான் அதன் முழு தேய்மான எதிர்ப்பு திரும்பக் கிடைக்கும். பெரும் பணம் கொடுத்து ராடு வாங்கி இந்தப் படியை விட்டுவிட்டால், வாங்கிய குணத்தில் ஒரு பகுதி டேட்டா ஷீட்டிலேயே தங்கிவிடும்.

சிறு பட்டறைக்கு இதெல்லாம் முடியுமா, ஆய்வகமா வைத்திருக்கிறோம் என்று கேட்கலாம். முடியும் என்றே சொல்வேன், இதற்கு ஆய்வகம் வேண்டாம். தேவையான தகவலை உற்பத்தியாளர்கள் ஏற்கெனவே அளந்து வைத்திருக்கிறார்கள். வெப்பநிலை ஏற ஏற விறைப்பு எப்படி இறங்குகிறது என்ற கோடு, குறிப்பிட்ட சுமையில் ஆயிரம் மணி நேரத்தில் எவ்வளவு கிரீப் ஆகிறது என்ற கோடு, விரிவு எண், நீர் குடிக்கும் அளவு எல்லாம் பெயர்பெற்ற தயாரிப்புகளுக்குக் கேட்டால் கிடைக்கும். கேட்பவர்கள் குறைவு என்பதால் விற்பவர்கள் ஒற்றை எண்ணை நீட்டிப் பழகிவிட்டார்கள். வாடிக்கையாளரின் டிராயிங்கில் பீக் என்று எழுதியிருக்கிறது, மாற்ற எனக்கு உரிமையில்லை என்று கடைபவர் சொல்வதும் நியாயமே. ஆனால் என்ன சூடு, என்ன சுமை, எதில் மூழ்கி ஓடுகிறது என்று ஆர்டர் எடுக்கும்போதே கேட்டு எழுதி வாங்குவதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. கோயம்புத்தூரிலும் ஓசூரிலும் அம்பத்தூரிலும் பம்ப்புக்கும் வால்வுக்கும் இயந்திரங்களுக்கும் பாகம் கடைகிற பட்டறைகளில் உள்ள கை நேர்த்தி யாருக்கும் குறைந்ததில்லை. அந்த நேர்த்தியை ஒரு பொருந்தாத எண்ணின் மேல் செலவழிக்கிறோம் என்பதே என் ஆதங்கம். பீக் நல்ல பொருள். சூடான நீரிலும் நீராவியிலும், உராய்வோடு ரசாயனமும் சேர்ந்த இடத்திலும், அதற்கு இணை தேடுவது கடினம். அந்த இடங்களில் அதற்குக் கொடுக்கும் விலை நியாயமானது. உலர்ந்த 160 டிகிரியில் வளையாமல் நிற்க வேண்டிய ஒரு தாங்கிக்கு, இழை சேர்க்காத பீக்கைப் பட்டியலைப் பார்த்து எடுப்பது நியாயமில்லை.

ஆகவே அடுத்த முறை ராடு வாங்கப் போகும்போது, 260 என்று எழுதிய தாளைத் திருப்பி அதன் அடிக்குறிப்பை விற்பவரையே உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு, உங்கள் பாகம் ஓடும் சூட்டில் அந்தப் பொருளின் விறைப்பு எவ்வளவு என்று கேளுங்கள். பதில் வரும்வரை பணம் கொடுக்காதீர்கள்.